கற்றும் உணராதார்

சமயக் கல்வி பிற கல்விகளைப் போன்றதன்று. கணக்கைக் கற்றவன் கணக்கறிவு உடையவனாகிறான். நிலநூலைக் கற்றவன் மண்ணின் இயல்பை அறிந்தவனாகிறான். ஆனால், மறைநூலைக் கற்றவன் அம்மறை சுட்டும் பொருளை உணர்ந்துவிட்டான் என்று நாம் துணிந்து கூற இயலுவதில்லை. நூலுக்கும் நூல் சுட்டும் பொருளுக்கும் இடையே ஒரு வெளி கிடக்கிறது. அவ்வெளியைக் கல்வி கடக்கவும் கூடும். அதனை மேலும் அகலமாக்கிவிடவும் கூடும்.

கிறித்தவ சமயம் இவ்விடரை மறைக்கவில்லை. தன் திருமறையிலேயே எழுதி வைத்திருக்கிறது. பவுலடியார் பெயரால் வழங்கும் திருமுகங்களுள் தீமோத்தேயுவுக்கு எழுதப்பெற்ற இரண்டாம் திருமுகம் ஒன்று. அதன் மூன்றாம் அதிகாரம், பக்தியின் தோற்றத்தை மட்டும் கொண்டு அதன் ஆற்றலை மறுத்து வாழ்வோரைப் பற்றிப் பேசுகிறது. அத்தகையோர் வீடுகளுக்குள் நுழைந்து பேதைப் பெண்களை வயப்படுத்துகின்றனர் என்றும், அப்பெண்கள் ஓயாது கற்றுக்கொண்டிருந்தும் உண்மையை அறியும் நிலையை ஒருகாலும் எய்துவதில்லை என்றும் அது கூறுகிறது. குற்றம் அங்கே பெண்கள்மேல் வைக்கப்பட்டிருக்கிறது.

பின்வந்த இலக்கியமோ அக்குற்றச்சாட்டின் திசையையே மாற்றிவிட்டது. பேதைப் பெண்களை விட்டுவிட்டு, அறிந்தோம் என்று தலைநிமிர்ந்து நடக்கும் ஆடவரை நோக்கி விரலை நீட்டியது. இம்மாற்றத்தை மூன்று படைப்புகளின் வாயிலாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று, 1678ஆம் ஆண்டில் வெளிவந்த ஜான் பனியனின் மோட்சப் பயணம். மற்றொன்று, 1871, 1872ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளிவந்த ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' என்னும் நாவல். மூன்றாவது, 1886இல் வெளிவந்த டால்ஸ்டாயின் 'மூன்று துறவிகள்' என்னும் சிறுகதை. காலத்தாலும் நோக்கத்தாலும் இவை தம்முள் வேறுபட்டவை. பனியன் உறுதியான விசுவாசி. எலியட் கிறித்தவ நம்பிக்கையை இளமையிலேயே துறந்தவர். டால்ஸ்டாய் இயேசுவைப் போற்றித் திருச்சபையோடு பிணங்கி நின்றவர். ஆயினும் மூவரும் ஒரே நோயைக் கண்டனர். அந்நோயை அறிய மூவரும் கையாண்ட முறையும் ஒன்றே. கற்றவனிடம் அவனைப் பற்றிய ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பதே அம்முறையாகும்.

வாயாடியின் நாவன்மை

ஜான் பனியன் 1628இல் இங்கிலாந்தில் பெட்பர்டு நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தவர். பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழிலாளி. உரிமம் இன்றிச் சமயச் சொற்பொழிவு ஆற்றினார் என்பதற்காக 1660 முதல் 1672 வரை சிறையில் அடைபட்டுக் கிடந்தார். அவருடைய நூலில் வரும் பயணியர் இருவர், கிறித்தியான் என்பவனும் உண்மையன் என்பவனும், வான் நகரை நோக்கிச் செல்லும் வழியில் ஒருவனைச் சந்திக்கின்றனர். அவனை நாம் வாயாடி என்று அழைக்கலாம். அவன் தந்தையின் பெயர் 'நன்றாகச் சொல்பவன்' என்றும், அவன் குடியிருப்பது 'பிதற்றல் தெரு' என்றும் பனியன் நகைச்சுவை தோன்றப் பெயரிட்டிருக்கிறார்.

வாயாடிக்குத் தெரியாத பொருளில்லை. விண்ணுலகச் செய்தியா, மண்ணுலகச் செய்தியா, அறநெறியா, நற்செய்தியா, நடந்ததா, நடக்கப்போவதா? எதைப் பற்றி வேண்டுமானாலும் பேச அவன் அணியமாக இருக்கிறான். மறுபிறப்பின் இன்றியமையாமை, நற்செயல்களின் போதாமை, கிறித்துவின் நீதி ஆகியவற்றையெல்லாம் அவன் பிழையின்றிச் சொல்கிறான். இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டிய ஒன்று உண்டு. அவன் சொல்லும் கொள்கையில் தவறே இல்லை. பனியனே மேடையேறினால் அவற்றைத்தான் சொல்லியிருப்பார். பொய்ம்மைக் கொள்கையைச் சொல்பவனைப் படைத்து அவனை வீழ்த்துவது எளிது. உண்மைக் கொள்கையைச் சொல்பவனைப் படைத்து, அவனிடம் உண்மை இல்லை என்று காட்டுவதே அரிது. பனியன் அவ்வரிய செயலை மேற்கொள்கிறார்.

உண்மையன் முதலில் மயங்கிவிடுகிறான். எத்துணை நல்ல துணைவன் கிடைத்தான் என்று வியக்கிறான். கிறித்தியானோ வாயாடியின் ஊர்க்காரன். அவன் வீட்டில் இறைவேண்டலும் இல்லை, மனமாற்றத்தின் அடையாளமும் இல்லை, வேலையாட்கள் அவன் கடுமையைத் தாங்க முடியாமல் தவிக்கின்றனர் என்பதையெல்லாம் எடுத்துரைக்கிறான். பின்பு, அவனிடம் என்ன கேட்கவேண்டும் என்பதையும் சொல்லித் தருகிறான்.

உண்மையன் கேட்கிறான்: இறையருள் ஒருவன் நெஞ்சில் இருக்குமாயின் அது தன்னை எவ்வாறு வெளிப்படுத்தும்? பாவத்தை எதிர்த்து உரத்துக் குரல் எழுப்பச் செய்யும் என்கிறான் வாயாடி. எதிர்த்துக் கூவுவது வேறு, வெறுப்பது வேறு என்கிறான் உண்மையன். அடுத்த அடையாளமாக, நற்செய்தியின் மறைபொருள்களைப் பற்றிய பேரறிவைக் கூறுகிறான் வாயாடி. அறிவிலும் இருவகை உண்டு என்று விடை வருகிறது. பொருளை எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடும் அறிவு ஒன்று. அன்போடும் நம்பிக்கையோடும் இணைந்து, சொன்னதைச் செய்யத் தூண்டும் அறிவு மற்றொன்று. இவ்வளவும் வாதம். வாதத்தில் வாயாடி எவ்வளவு நேரமும் நிற்பான். இறுதியில்தான் அம்பு பாய்கிறது: இவற்றுள் எதையேனும் நீ உன் வாழ்வில் கண்டதுண்டா?

வாயாடியின் முகம் சிவக்கிறது. ஒரு கணந்தான். பின்பு அவன் தேறிக்கொண்டு, இத்தகைய உரையாடலை நான் எதிர்பார்க்கவில்லை, நீ பிறரைக் குற்றங்காணும் இயல்பினன், உன்னோடு பேசுவதில் பயனில்லை என்று கூறிப் பிரிந்துவிடுகிறான். அக்கணநேர நாணத்தைப் பனியன் எழுதியிருப்பதே அவருடைய கலைத்திறனுக்குச் சான்று. அவனுள்ளும் ஏதோ ஒன்று உயிரோடு இருந்திருக்கிறது. அது விழித்தெழுவதற்குள் அவன் பேசத் தொடங்கிவிடுகிறான். பேச்சு அவனுக்கு அறிவின் வெளிப்பாடு அன்று. அறிவிலிருந்து தப்பி ஓடும் வழி.

மோசேயின் சட்டம் தூய விலங்கிற்கு இரண்டு இலக்கணம் வகுக்கிறது. அசைபோடவும் வேண்டும், விரிகுளம்பும் வேண்டும். முயல் அசைபோடும், ஆனால் அதற்கு விரிகுளம்பு இல்லை. இவ்வுவமையை உண்மையன் வாயாடிக்குப் பொருத்திக் காட்டுகிறான். அவன் மறைமொழியை மென்றுகொண்டே இருக்கிறான். தன் பழைய வழியிலிருந்து மட்டும் பிரிவதில்லை. எந்நாளும் கற்றல், ஒருநாளும் எய்தாமை ஆகிய இரண்டையும் ஒரே உவமையில் அடக்கிய நயம் பாராட்டத்தக்கது.

காசபனின் குறிப்பேடுகள்

பனியனின் வாயாடி ஒரு வகைமாதிரி. அவனுக்குப் பெயர் உண்டு, உள்ளம் காட்டப்படவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஜார்ஜ் எலியட் அதே மனிதனை எடுத்து, அவனுக்கு உடலும் உள்ளமும் தனிமையும் அச்சமும் கொடுத்தார்.

எட்வர்டு காசபன் லோவிக் என்னும் ஊரின் திருச்சபைக் குரு. நாற்பத்தைந்தைக் கடந்தவர். உலகின் புராணங்கள் அனைத்தும் ஆதியில் அருளப்பட்ட ஒரே வெளிப்பாட்டின் சிதைவுகளே என்று நிறுவும் ஒரு பெருநூலை எழுத முற்பட்டவர். 'எல்லாப் புராணங்களுக்கும் திறவுகோல்' என்பது அந்நூலின் பெயர். வரிசை வரிசையாகக் குறிப்பேடுகள் நிறைந்துவிட்டன. நூல்தான் எழுதப்படவில்லை. டொரோத்தியா என்னும் இளநங்கை, அவரை ஒரு பேரறிஞர் என்று நம்பி, அவருக்குத் துணைசெய்வதன் வாயிலாகத் தானும் உயர்ந்த உண்மையை அடையலாம் என்று கருதி, அவரை மணக்கிறாள்.

இங்கேதான் திருமுகத்தின் சொல் தலைகீழாகிறது. திருமுகம் குறித்த பெண், கற்பிக்க வந்தவனால் ஏமாற்றப்பட்டு ஓயாது கற்பவள். டொரோத்தியாவும் கற்பிக்க வந்தவர்மேல் வைத்த நம்பிக்கையால் ஏமாந்தவளே. ஆனால், உண்மையை அறியும் வேட்கை அவளிடம்தான் இருக்கிறது. ஓயாது கற்று எங்கும் சென்று சேராதவர் அவள் கணவர். மணமான பின் உரோமை நகருக்குச் சென்றபோது அவள் வெகு வெள்ளை மனத்தோடு ஒரு கேள்வி கேட்கிறாள்: இத்தனை ஏடுகளிலிருந்து வேண்டியதைத் தேர்ந்து, உலகிற்குப் பயன்படும் அந்நூலை எழுதத் தொடங்கலாகாதா?

காசபன் சினங்கொள்கிறார். நூலை எப்போது எழுதவேண்டும் என்பது ஆசிரியனுக்குத் தெரியும் என்று குளிர்ந்த சொற்களால் அவளை அடக்குகிறார். அவர் சினந்தது ஏன்? அக்கேள்வி வெளியிலிருந்து வந்தது அன்று. அவர் உள்ளமே நள்ளிரவில் தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, அன்று மனைவியின் வாயிலிருந்து ஒலித்தது. வாயாடி ஓடிப்போனான். காசபன் ஓடவில்லை, கதவை அடைத்துக்கொண்டார்.

ஆராய்ச்சி உலகில் நடந்ததையும் எலியட் குறிப்பாக உணர்த்துகிறார். செருமானிய அறிஞர்கள் அத்துறையில் ஏற்கெனவே வெகுதூரம் சென்றுவிட்டனர். காசபனுக்குச் செருமன் மொழி தெரியாது. ஆகவே, அவர் உழைப்பு முழுவதும் பிறர் கைவிட்ட பாதையில் அலைவதாகவே முடியும். இவ்வுண்மையைக் காசபனின் உறவினனான வில் லாடிஸ்லா டொரோத்தியாவிடம் சொல்லிவிடுகிறான். இதனை எழுதத் தகுதியானவர் எலியட்டே. டேவிட் ஸ்ட்ராஸ் எழுதிய இயேசுவின் வாழ்க்கை பற்றிய ஆராய்ச்சி நூலைச் செருமனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1846இல் வெளிவரச் செய்தவர் அவர்.

எனினும், எலியட் காசபனை எள்ளி நகையாடுவதோடு நின்றிருந்தால் அந்நாவல் பெருநூலாகியிருக்காது. கதையின் நடுவில் அவர் திடீரென்று நின்று, எப்போதும் டொரோத்தியாவின் பக்கத்திலிருந்தே பார்ப்பது முறையா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, காசபனின் நெஞ்சுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார். மிகுதியாகக் கற்பிக்கப்பட்டும் இன்புறக் கற்பிக்கப்படாத ஓர் உயிரின் துயரம் அங்கே தெரிகிறது. எந்தப் பெருங்காட்சியின் முன்னும் அவரால் தம்மை மறக்க இயலவில்லை. தம்மைப் பற்றிய அச்சம் எப்போதும் குறுக்கே நிற்கிறது. பனியன் கண்டது ஒழுக்கக் குறை. எலியட் கண்டது அன்பின் வறட்சி. வாயாடியை நாம் வெறுக்கிறோம், காசபனுக்காக இரங்குகிறோம். இரங்கும்போது நம்மையும் அங்கே அடையாளம் கண்டு கொள்கிறோம்.

தாம் இறந்தபின் தம் பணியைத் தொடரவேண்டும் என்று காசபன் மனைவியிடம் வாக்குறுதி கேட்கிறார். அவள் விடைகூற வருமுன் இறந்துவிடுகிறார். பின்பு அவள், அவர் தனக்காக வகுத்து வைத்திருந்த குறிப்பு அட்டவணையை உறையிலிட்டு முத்திரையிட்டு மூடுகிறாள். நம்பிக்கை இல்லாத ஒரு பணிக்குத் தன் ஆன்மாவை அடிமையாக்க இயலாது என்பது அவள் உறையினுள் எழுதிய விடையின் கருத்து. அறிவின் பெயரால் கேட்கப்பட்ட வாழ்நாள் அடிமைத்தனத்தை ஒரு பெண் மறுக்கும் அக்கட்டம், நாவலின் உயர்ந்த கட்டங்களுள் ஒன்று.

ஆயர் கற்ற பாடம்

டால்ஸ்டாயின் கதை மிகச் சிறியது. வால்கா ஆற்றுப் பகுதியில் வழங்கிய நாட்டுப்புறக் கதையைத் தழுவியது. ஆர்க்கேஞ்சல் துறைமுகத்திலிருந்து சொலவெட்ஸ்க் மடத்திற்குக் கப்பலில் செல்லும் ஆயர் ஒருவர், ஒரு தீவில் வாழும் மூன்று முதிய துறவிகளைப் பற்றிக் கேள்வியுற்று அவர்களைக் காணச் செல்கிறார். எவ்வாறு வேண்டுகிறீர்கள் என்று வினவுகிறார். நீரும் மூவர், நாமும் மூவர், எமக்கு இரங்கும் என்னும் பொருள்பட அவர்கள் வேண்டுவதை அறிந்து புன்னகைக்கிறார். பின்பு, இயேசு கற்பித்த இறைவேண்டலை ஒவ்வொரு சொல்லாக நாள் முழுவதும் அவர்களுக்குப் பயிற்றுவித்து, மனநிறைவோடு கப்பலுக்குத் திரும்புகிறார்.

நிலவொளியில் கப்பலின் பின்னே ஏதோ ஒன்று விரைந்து வருகிறது. மூன்று துறவிகளும் கைகோத்தபடி நீரின்மேல் ஓடி வருகின்றனர். கற்பித்ததை மறந்துவிட்டோம், மீண்டும் கற்பியுங்கள் என்று வேண்டுகின்றனர். ஆயர் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, உங்கள் வேண்டலே இறைவனைச் சேரும், உங்களுக்குக் கற்பிக்க நான் தகுதியுடையேன் அல்லேன், எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கூறி அவர்கள்முன் தாழ்ந்து வணங்குகிறார்.

இக்கதையில் பலரும் துறவிகளின் அற்புதத்தையே போற்றுவர். திறனாய்வு நோக்கில், கதையின் தலைவர் ஆயரே எனலாம். துறவிகள் தொடக்கத்தில் இருந்தவாறே இறுதியிலும் இருக்கின்றனர். மாறியவர் ஆயர் ஒருவரே. கற்றவர், கற்பிக்கும் உரிமை பெற்றவர், அன்று முழுவதும் கற்பித்தவர், தாம் அறியாதது ஒன்று உண்டு என்று அறிந்த கணத்தில் தலைவணங்குகிறார். வாயாடி ஓடினான், காசபன் கதவை அடைத்தார், ஆயர் பணிந்தார். கேள்வி ஒன்றே, விடைகள் மூன்று. பெரியபுராணத்தில் கண்ணப்பரின் அன்பை மறைந்திருந்து கண்ட சிவகோசரியாரைத் தமிழர் இங்கே நினைவுகூர்வது இயல்பு. அங்கும் ஆகமம் கற்றவர் இகழப்படவில்லை. அவர் கண் திறக்கப்படுகிறது.

கல்வியா குற்றவாளி?

இத்தகைய படைப்புகளைப் படித்துவிட்டு, கல்வி வேண்டா, நெஞ்சு தூய்மையாய் இருந்தால் போதும் என்று கூறுவோர் உளர். சோம்பலுக்கு இதைவிட இனிய சமாதானம் கிடைக்காது. ஆனால், இம்மூவரும் அதைச் சொல்லவில்லை.

பனியன் வாயாடியை மட்டும் படைக்கவில்லை. அறியாமை என்னும் பெயருடைய ஓர் இளைஞனையும் படைத்தார். தன் நெஞ்சு நல்லது, தன் எண்ணங்கள் நல்லவை என்று தன் நெஞ்சே தனக்குச் சொல்வதை நம்பி நடப்பவன் அவன். பிறர் விளக்க வந்தால் கேளான். அவன் வான் நகரின் வாயில்வரை வந்தும் உள்ளே புகவில்லை. கைகால் கட்டப்பட்டு நரகின் வாயிலில் எறியப்படுகிறான். மோட்ச வாயிலிலிருந்தும் நரகத்திற்கு ஒரு வழி உண்டு என்று கண்டு நடுங்குவதோடு நூலின் கனவு கலைகிறது. பேசும் அறிவினன் அடைந்த கேட்டைக் காட்டிலும் கேளாத அறியாமையினன் அடைந்த கேடு கொடியதாகவே அங்கே தீட்டப்பட்டுள்ளது.

மூவரின் வாழ்க்கையும் இதற்குச் சான்று. பள்ளிப் படிப்பு மிகக் குறைந்த பனியன், தம் நூலின் ஓரங்களில் திருமறைச் சான்றுகளை அடுக்கிக் காட்டுமளவு மறைநூலில் தோய்ந்தவர். எலியட் கிரேக்கம், இலத்தீன், எபிரேயம், செருமன் முதலிய மொழிகளைக் கற்றவர். எழுத்தறியாத் துறவியரைப் போற்றிய டால்ஸ்டாய் நாற்பது வயதைக் கடந்தபின் கிரேக்கம் கற்று, நற்செய்தி நூல்களை மூலமொழியிலேயே ஆராய்ந்தார். பின்னர் எபிரேயமும் கற்கத் தொடங்கினார். கல்வியைக் கடிந்த மூவரும் கல்வியை விடாதவர்கள். அவர்கள் கடிந்தது கற்பதை அன்று. கற்றதை உடைமையாக்கி, அதன் பின்னே ஒளிந்துகொள்வதை.

இவ்விடத்தில் நம் மொழியின் தொடர்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பனியனின் நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. வைணவக் குடியில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் கிறித்தவரானவர் அவர். அவருடைய விருத்தங்களின் ஓசைச் சிறப்பை மறுத்தற்கில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாதிருக்க இயலவில்லை. பனியனின் உரைநடை சந்தையிலும் சாலையிலும் பேசப்பட்ட எளிய மொழி. பாத்திரம் பழுதுபார்ப்பவனின் மொழியில் பாத்திரம் பழுதுபார்ப்பவனுக்காக எழுதப்பட்டது. தமிழில் அது காப்பியக் கோலம் பூண்டபோது, புலவர்க்கு விருந்தாயிற்று. எளியோர்க்குச் சற்றே எட்டாத உயரம் ஏறிற்று. இது கிருஷ்ணபிள்ளையின் குறையன்று. அவர் காலத்துத் தமிழ்ப் புலமை வேண்டிய வடிவம் அது. ஆனால், அதன் அணிநலத்தை மட்டும் எடுத்தோதி, 'கிறித்தவக் கம்பர்' என்று பட்டம் சூட்டுவதோடு நின்றுவிடும் வாசகன், தான் படிக்கும் நூலே கண்டித்த வாயாடியாகிவிடும் இடர் உண்டு.

இவ்விடர் கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. இலக்கியம் பேசும் நமக்கும் உரியது. அறநூலை மேடையில் முழங்கிவிட்டு வீட்டில் அதை மறக்கும் வாயாடியும், எழுதப்போகும் பெருநூலைப் பற்றியே வாழ்நாளெல்லாம் பேசும் காசபனும் எழுத்துலகில் இல்லை என்று சொல்ல எவர்க்கும் துணிவு வாராது.

இரவில் வந்தவர்

திருமறை நோயைக் கூறுவதோடு நிற்கவில்லை. யோவான் எழுதிய நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் நிக்கொதேமு என்னும் கற்றவர் இரவில் இயேசுவிடம் வருகிறார். இஸ்ரயேலின் போதகராய் இருந்தும் இவற்றை அறியீரா என்று இயேசு அவரைக் கேட்கிறார். உண்மையன் வாயாடியிடமும், டொரோத்தியா கணவரிடமும் கேட்டதன் மூலக்கேள்வி இதுவே. நிக்கொதேமு சினக்கவில்லை, விளங்கிக்கொண்டதாக நடிக்கவும் இல்லை. இது எப்படி ஆகும் என்று முன்பே கேட்டிருந்தார். அக்காட்சியில் அவருக்கு விளக்கம் பிறந்ததாக நற்செய்தி கூறவில்லை.

ஆனால், ஏழாம் அதிகாரத்தில், ஒருவனை விசாரியாமல் தண்டிப்பது நம் சட்டமா என்று தலைவர்கள்முன் துணிந்து கேட்பவர் அவரே. பத்தொன்பதாம் அதிகாரத்தில், சீடர்களே சிதறிப்போன வேளையில், ஏறத்தாழ நூறு இராத்தல் நறுமணப் பொருளோடு அடக்கத்திற்கு வந்து நிற்பவரும் அவரே. தாம் கற்ற சட்டத்தை அவர் எறிந்துவிடவில்லை. அச்சட்டத்தைக் கொண்டே நீதி கேட்டார். தம்மை நோக்கி வந்த கேள்வியை அவர் தட்டிக்கழிக்கவில்லை. அவருக்கு எப்போது விளங்கிற்று என்று யோவான் எழுதவில்லை. அவர் எங்கே வந்து நின்றார் என்பதை மட்டும் எழுதினார். கல்வி உண்மையைச் சேர்ந்ததா என்று அறிய, அதுவே போதுமான சான்றாகும்.